பச்சையனின் கழுத்தில் கம்பித் தடம்

எவ்வளவுக்குப் போகும் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். என்னோடு கள்ளக்குறிச்சியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, ஒரே கோவைக்காய் இலையால் சிலேட்டைத் துடைத்தவர்கள் நீங்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். என் பொம்மை அலமாரியைப் பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது அதைத்தான், கேட்கும்போதே எனக்குச் சுர்ரென்று ஏறிவிடும்.

நாற்பத்திரண்டு பொம்மைகள் இருக்கின்றன. மார்பில் தீப்பொறி பறக்க நடக்கும் ஜப்பான் தகர ரோபோக்கள், சாவி கொடுத்தால் தாளம் தட்டும் குரங்கு, முதுகில் உள்ள நூலை இழுத்தால் கரகரவென்று இங்கிலீஷ் பேசும் அமெரிக்க மாட்டுக்காரன். பென்ஷன் வாங்க ஆரம்பித்த பிறகு புதுச்சேரி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையிலும், காயலான் கடைகளிலும், அப்புறம் செல்போன் வழியாகவும் ஒவ்வொன்றாகச் சேர்த்தேன். தகரத்தின் ஓரத்தில் இரண்டு துண்டுகளைச் சேர்க்கிற நாக்கு மடிப்பு எப்படி இருக்கிறது என்று பார்த்தே பழையதா, பழையது மாதிரி செய்த புதியதா என்று சொல்லிவிடுவேன். கிழவிக்கு இதெல்லாம் எதற்கு என்று என் மருமகள் வாய்விட்டுக் கேட்டதில்லை. அலமாரியைத் துடைக்கும்போது எழுப்புகிற சத்தத்தில் கேட்பாள்.

போன மாதம் சென்னையிலிருந்து இரண்டு பையன்கள் வந்தார்கள். இந்தப் பொம்மைகளைத் தேடி ஊர் ஊராகச் சுற்றுகிறவர்கள், நல்ல பையன்கள்தான். எல்லாவற்றையும் பார்த்துவிட்டுக் கடைசி அடுக்கில் இருந்த பச்சையனிடம் வந்து நின்றார்கள். பச்சையன் ஒரு சாண் உயரம். தலையில் ஒற்றைக் கொம்பு, முதுகில் செதில், தடித்த வால், சிவந்த நாக்கு. ஜப்பான்காரர்கள் டி.வி.யில் காட்டிய ஏதோ ஒரு ராட்சதனின் உருவமாம். நாங்கள் ரப்பர் என்று சொன்னதை வினைல் என்று அந்தப் பையன்தான் திருத்தினான். அவன் பச்சையனைத் தலைகீழாகப் பிடித்து, பாதத்தில் இருந்த எழுத்தைப் பூதக்கண்ணாடியால் பார்த்தான்.

"ஆன்ட்டி, இது முதல் அச்சு. இந்தியாவுல இன்னொண்ணு இருக்காது" என்றான். அப்புறம் முகம் மாறியது. "ஆனா இடது பக்கம் முழுக்க வெளுத்திருக்கு. கழுத்துல என்ன, தூக்கு மாட்டின மாதிரி ஒரு தடம்? டேமேஜ் எப்படி ஆச்சு?"

"கட்டுக்கம்பி. எங்க அப்பா கட்டவெச்சது" என்றேன்.

அவன் அதைத் தன் செல்போனில் ஒரு குறையாகக் குறித்துக்கொண்டான். காபி கொடுத்து அனுப்பிவிட்டேன். அவர்கள் போன பிறகு எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஒரு குறை என்று ஒற்றை வரியில் எழுதிவிட்டுப் போகிறான். அந்த ஒற்றை வரிக்குள் இருப்பது என் பத்தாவது வயதுக் கோடை.

பொம்மைகளைக் கொண்டுவந்தவர் என் சித்தப்பா. கப்பலில் சமையல்காரர். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை, அந்துருண்டை வாசனை அடிக்கும் இரும்புப் பெட்டியோடு வருவார். ஜப்பான் செய்தித்தாளில் சுற்றி எனக்கென்று ஒரு பொம்மை இருக்கும், ஒரு முறை மாட்டுக்காரன், ஒரு முறை தகர ரோபோ, ஒரு முறை பச்சையன். என் கையில் கொடுப்பார். கொடுத்த கையோடு அம்மா வாங்கிக் கண்ணாடி பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவாள். சாவி அம்மாவின் இடுப்பில். விருந்தாளி வந்தால் பீரோ திறக்கும். "கொழுந்தன் கப்பல்ல இருக்காரு" என்று சொல்வதற்காக ரோபோ இரண்டு அடி நடக்கும், மறுபடி உள்ளே போய்விடும். என் பொம்மையோடு நான் விளையாடிய நேரத்தையெல்லாம் கூட்டினால் ஒரு சாயங்காலம் தேறாது.

அந்த ரோபோ கடைசியில் என்ன ஆயிற்று தெரியுமா? துருப்பிடித்துவிட்டது என்று பேரீச்சம்பழக்காரனிடம் போட்டுவிட்டாள். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது தட்டில் ஒரு கை பேரீச்சம்பழம் இருந்தது. சாப்பிடு என்றாள். மாட்டுக்காரனின் நூல் அறுந்ததும் அவன் அத்தை வீட்டுக் குழந்தைக்குப் போனான். யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றவே இல்லை, அதுதான் இன்றைக்கும் வயிற்றெரிச்சல்.

பச்சையன் மட்டும் மிச்சம் இருந்தான். அவனை நான் ஒருவருக்கும் தெரியாமல் எடுத்து முகர்ந்திருக்கிறேன், புது மழைக்கோட்டு வாசனை அடிப்பான். பாதத்தில் இருந்த எழுத்துகள் எறும்பு ஊர்வது போல் இருக்கும். பார்க்கப் பயங்கரமாக இருந்தாலும் கண்ணைப் பார்த்தால் பாவமாக இருக்கும், யாரோ திட்டி அனுப்பியது போல. அதனால்தான் எனக்கு அவனை அவ்வளவு பிடிக்கும்.

அந்த வருஷம் அப்பா தியாகதுருகம் ரோட்டில் மெத்தை வீடு கட்ட ஆரம்பித்தார். அப்பாவுக்கு உரக்கடை. எங்கள் தெருவில் எல்லாம் ஓட்டு வீடு, தளம் போட்ட முதல் வீடு எங்களுடையது. போகிறவன் வருகிறவன் எல்லாம் சைக்கிளை நிறுத்திப் பார்ப்பான். அப்பாவுக்கு அது பெருமை, அதுவே பயமும்கூட. சுவர் ஆளுயரம் வந்ததும் மேஸ்திரி சொன்னார்.

"திஷ்டிக்கு ஒரு பொம்ம கட்டிடுங்க. ஊரு கண்ணு பூரா இங்கதான் கீது."

எல்லாரும் என்ன செய்வார்கள்? வைக்கோலைச் சாக்கில் அடைத்து, சட்டியில் கரியும் சுண்ணாம்பும் வைத்து முகம் எழுதிக் கட்டுவார்கள், இல்லையென்றால் ஒரு பூசணிக்காய். அப்பாவுக்கு அது போதவில்லை. வீட்டுக்கு வந்து, அம்மாவிடம் சாவி வாங்கி, பீரோவைத் திறந்து பச்சையனை எடுத்தார்.

"அப்பா, அது என்னிதுப்பா" என்றேன்.

"எவன் வூட்டுலயும் இல்லாத பொம்மடி இது. பாக்கறவன் மெரண்டு போவட்டும்."

கண்ணேறு படக்கூடாது என்று கட்டுகிற பொம்மையிலும் மனுஷனுக்கு ஜம்பம். நான் அழுதேன், காலைப் பிடித்தேன். அம்மா என் கையைப் பிரித்து இழுத்துப் போனாள். "பொம்பளப் புள்ளைக்கு அந்தக் கோர மூஞ்சி இன்னாத்துக்கு? வூட்டுக்கு ஆவும், இருக்கட்டும்." மேஸ்திரி பச்சையன் கழுத்தில் கட்டுக்கம்பியை இரண்டு சுற்றுச் சுற்றி முறுக்கி, ரோட்டைப் பார்த்தாற்போல் சாரத்தின் சவுக்குக் கட்டையில் தொங்கவிட்டார். இடது பக்கம் மேற்கு. பங்குனி வெயில், சித்திரை வெயில், எல்லாம் அந்தப் பக்கம்தான் அடித்தது.

இதில் ஒரு விஷயம் உங்களுக்குத் தெரியும், இருந்தாலும் சொல்கிறேன். திருஷ்டிக்குக் கட்டின பொம்மை திரும்ப வீட்டுக்குள் வரக்கூடாது. ஊர்க் கண்ணையெல்லாம் வாங்கி வைத்திருக்கும், உள்ளே கொண்டுவந்தால் அத்தனையும் வீட்டுக்குள் இறங்கிவிடும். புதுமனை புகுகிற அன்று அதைக் கோமுகி ஆற்றில் விட்டுவிடுவார்கள். ஆக, பச்சையனுக்கு நாள் குறித்தாகிவிட்டது. அதற்குள் அவனை மீட்டுவிட வேண்டும். அந்தக் கோடை முழுக்க எனக்கு வேறு நினைப்பே இல்லை.

பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டிருந்தார்கள். மத்தியானம் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோவது என் வேலை. ஒயர் கூடையில் தூக்குப் பாத்திரத்தை வைத்து எடுத்துப் போவேன். வேலைக்குக் கல்வராயன் மலையிலிருந்து ஐந்தாறு பேர் வந்து, அங்கேயே கீற்றுக் கொட்டகை போட்டுத் தங்கியிருந்தார்கள். அதில் ஒரு சித்தாள் அக்கா. பதினெட்டு வயது இருக்கும். கலவைச் சட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு சாரத்தில் கையை விட்டுவிட்டு ஏறுவாள். நான் தினமும் பச்சையனுக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்ப்பதை அவள்தான் கவனித்தாள்.

"இன்னா பாப்பா, தெனிக்கும் இங்கயே நிக்கிற?"

"அது என் பொம்ம."

அவள் மேலே பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "பேரு இன்னா அதுக்கு?"

இரண்டு வருஷம் எங்கள் வீட்டில் இருந்த பொம்மை அது. அதற்குப் பெயர் இருக்கிறதா என்று என்னைக் கேட்ட முதல் ஆள் அவள். பச்சையன் என்றேன். அதற்கப்புறம் சட்டியோடு அவனைத் தாண்டிப் போகும்போதெல்லாம் "பச்சையா, நவுரு" என்பாள். நான் சிரிப்பேன். சாமைச் சோற்றில் புளித்தண்ணி ஊற்றி எனக்கும் ஒரு கவளம் கொடுப்பாள். வெயில் அதிகமான நாளில் தன் தலைத்துணியை நனைத்துப் பச்சையன் மேல் போட்டுவிட்டு வருவாள். மேஸ்திரி பார்த்தால் திட்டுவார், எடுத்துவிடுவாள்.

வைகாசி பிறந்ததும் தளம் போட்டார்கள். மறுநாள் நான் அக்காவிடம் கேட்டேன், அவனை அவிழ்த்துத் தா என்று.

"திஷ்டி வாங்கினது பாப்பா. வூட்டுக்கு எடுத்துனு போவக் கூடாது. உனுக்குத்தான் ஆவாது."

"ஆத்துல போட்டுடுவாங்கக்கா."

நான் அழுத அழுகையில் அவளுக்கு மனசு கேட்கவில்லை. மேஸ்திரியும் மற்றவர்களும் டீ குடிக்கப் போன நேரத்தில் ஏறினாள். கம்பியை அவிழ்த்தாள். அந்த இடத்தில் சாக்குத் துணியில் வைக்கோலைச் சுருட்டி, கரியால் இரண்டு கண் வைத்துக் கட்டினாள். கீழே வந்து பச்சையனை என் கையில் கொடுக்கவில்லை. முதலில் காலடி மண்ணை ஒரு பிடி எடுத்து, என்னையும் பச்சையனையும் சேர்த்து மூன்று முறை சுற்றி, தூ தூ தூ என்று துப்பி, ரோட்டில் எறிந்தாள். அப்புறம்தான் ஒயர் கூடையில் தூக்குப் பாத்திரத்துக்கு அடியில் வைத்தாள். "யார்கிட்டயும் மூச்சு வுடாத" என்றாள். நான் வீட்டுக்கு ஓடி, பரணில் கிடந்த ஓட்டை அண்டாவுக்குள், என் பழைய பாவாடையில் சுற்றி ஒளித்துவைத்தேன். அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கப்புறம் இருந்ததில்லை. கல்யாணத்தன்றுகூட இல்லை.

வீடு புக அப்பா நாள் குறித்தது வைகாசி கடைசியில். அதை விட்டால் ஆனி, ஆடி வந்துவிடும், ஆவணி வரை காத்திருக்க வேண்டும். தளம் போட்ட ஒன்பதாம் நாள், அதைத் தாங்கி நின்ற சென்ட்ரிங் பலகைகளைப் பிரிக்கச் சொன்னார். நான் சாப்பாட்டுக் கூடையோடு பக்கத்தில் நின்றிருந்தேன், இந்தக் காதால் கேட்டேன்.

"இன்னும் பத்து நாளாச்சும் போவட்டுங்க. வெயிலு ஜாஸ்தி, மேல கட்டின தண்ணியே நிக்கல" என்றார் மேஸ்திரி.

"பத்திரிகை அடிச்சிக் குடுத்தாச்சிய்யா, பூச்சு வேல வேற கெடக்கு. பிரி, நான் பாத்துக்கறேன்."

பிரித்தார்கள். மறுநாள் காலை கூடத்தின் குறுக்கே, மூலைக்கு மூலை ஒரு விரிசல். பென்சிலால் கோடு போட்டது போல் ஆரம்பித்து, மத்தியானத்துக்குள் நகம் நுழைகிற அளவு ஆகிவிட்டது. அப்பா தலையில் கை வைத்து உட்கார்ந்தார். மேஸ்திரிக்கு உள்ளுக்குள் தெரியும், அப்பாவுக்கும் தெரியும். ஆனால் மேஸ்திரி வெளியே போய் அண்ணாந்து பார்த்தார். பச்சையன் இருந்த இடத்தில், இத்தனை நாள் யாரும் கவனிக்காத சாக்குப் பொம்மை.

அவ்வளவுதான். ஒரு நிமிஷத்தில் எல்லாருக்கும் காரணம் கிடைத்துவிட்டது. சாரத்தில் ஏறி இறங்குகிறவள் யார்? மலைக்காரி. மலைக்காரங்களுக்கு மந்திரம் மருந்து எல்லாம் தெரியுமே. பொம்மையை எடுத்து மந்திரித்து வீட்டுக்கு வைத்துவிட்டாள். அப்பா அவளைக் கூப்பிட்டார்.

"பொம்ம எங்கடி?"

"நான்தாங்க அவுத்தேன். வெயில்ல தொங்கினு இருந்திச்சி, பாக்க ஒரு மாதிரியா இருந்திச்சிங்க. ஆத்துல வுட்டுட்டேன்."

"எவ சொல்லி எடுத்த? எவன் துட்டு குடுத்தான் உனுக்கு?"

"யாரும் சொல்லலைங்க."

அப்பா அறைந்தார். ஒரே அறையோடு நிற்கவில்லை. கலவைச் சட்டி உருண்டு என் காலடிக்கு வந்தது. அவளோடு வந்தவர்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். ரோட்டில் சைக்கிளை நிறுத்தியவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். அக்கா அழவில்லை, அப்பாவைப் பார்க்கவும் இல்லை. நான் ஒயர் கூடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாயைத் திறந்தால் பச்சையன் போய்விடுவான். அது ஒன்று. இன்னொன்று, நானும் நம்பினேன். திருஷ்டிப் பொம்மையை வீட்டுக்குள் வைத்தது நான்தானே, வீடு வெடித்தது என்னால்தான் என்று நினைத்தேன். பத்து வயதுப் பிள்ளையை அப்படி நினைக்க விட்டார்கள், பெரிய மனுஷர்கள். அன்று சாயங்காலமே மலைக்காரர்கள் ஆறு பேரும் மூட்டையைக் கட்டிக்கொண்டு போனார்கள்.

விரிசலில் சிமெண்டுப் பாலும் தாரும் ஊற்றி, மேலே வெள்ளை அடித்து, குறித்த நாளில் வீடு புகுந்தோம். நான் பச்சையனைத் துணிமூட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்துவிட்டேன். சித்தப்பா வந்திருந்தார். அவராவது என் பக்கம் பேசுவார் என்று மலைபோல் நம்பியிருந்தேன். அப்பா கதையைச் சொன்னதும் சித்தப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஜப்பான் ராட்சசன கள்ளக்குறிச்சி திஷ்டிக்குக் கட்டினியா" என்று திரும்பத் திரும்பச் சொல்லிச் சிரித்தார். எழுந்து கொல்லைக்குப் போய்விட்டேன். அதற்கப்புறம் அவர் கொண்டுவந்த எதையும் கையால் தொடவில்லை.

நான் ஏன் சிவில் டிப்ளமா படித்தேன் என்று உங்களில் பலர் அப்போதே கேட்டீர்கள். பெண்பிள்ளை டீச்சர் ட்ரெயினிங் போகாமல் செங்கல் எண்ணப் போகிறதே என்று சிரித்தீர்கள். எனக்கு ஒரே ஒரு விஷயம் தெரிய வேண்டியிருந்தது. முதல் வருஷப் புத்தகத்தில் இருந்தது. அந்த அகலத்துக்குத் தளம் போட்டால் இருபத்தொரு நாள் சென்ட்ரிங்கைத் தொடக்கூடாது. தண்ணீர் நிற்க வேண்டும். வகுப்பில் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, பையன்கள் முன்னால் வெட்கமில்லாமல் அழுதேன். வாத்தியார் வயிற்று வலியா என்று கேட்டார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து அப்பாவிடம் புத்தகத்தைக் காட்டினேன். பார்த்துவிட்டு, "அதான் இப்போ ஒண்ணும் ஆவலியே, வூடு நிக்குது இல்ல" என்றார். இன்றைக்கும் அந்த வீட்டில்தான் இருக்கிறேன். மாலை போட்ட அப்பா படத்துக்கு நேர் மேலே விரிசல் போகிறது. ஒவ்வொரு மழைக்கும் தார் வைக்கிறேன்.

அப்பாவை மட்டும் திட்டிவிட்டு முடித்துக்கொள்ள முடியாது. ஓவர்சீயராக வேலை பார்த்தபோது, அரசாங்கத் தொகுப்பு வீடுகளை அளக்க மலைக்குப் போவேன். ஒரு நாள் வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம் ஒரு ஊரில், வரிசையில் நின்ற பெண்களில் அக்கா நின்றாள். நடையை வைத்தே தெரிந்துவிட்டது. கையில் இருந்த ஃபைலை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டேன். வேலையைப் பாதியில் விட்டு, தலைவலி என்று ஜீப்பில் ஏறி இறங்கி வந்துவிட்டேன். பதினெட்டு வருஷம் ஆகிறது. அவள் எந்த ஊர், எந்தத் தெரு என்பது அன்றிலிருந்து எனக்குத் தெரியும். தெரிந்தும் போகவில்லை. பொம்மை பொம்மையாக வாங்கி அலமாரியை நிரப்பிக்கொண்டிருந்தேன்.

அந்தப் பையன் பச்சையன் கழுத்தைப் பார்த்து டேமேஜ் என்று எழுதிய மறுநாள், பச்சையனைத் துணிப்பையில் வைத்துக்கொண்டு கச்சிராயபாளையம் வழியாக மலைக்குப் பஸ் ஏறினேன். கொடுக்கப் போகவில்லை, காட்டத்தான் போனேன். காட்டி, மன்னிப்புக் கேட்டு, அவனோடு திரும்பி வருவதாகத்தான் நினைப்பு. உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

அக்கா வீட்டு வாசலில் உட்கார்ந்து புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். குடிசைக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு வீடு, சுவர் முடிந்து மேலே கம்பி கட்டியிருந்தது. அவள் மகன் மேலே வேலையாக இருந்தான்.

"யாரு?"

"கள்ளக்குறிச்சிக்கா. உரக்கடைக்காரர் பொண்ணு."

கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். "ஒயர் கூட எடுத்துனு வரும், அந்தப் பாப்பாவா?"

பையிலிருந்து பச்சையனை எடுத்தேன். அவள் கையைப் புடவையில் துடைத்துவிட்டு வாங்கினாள். திருப்பிப் பார்த்தாள். கட்டைவிரலைக் கழுத்துத் தடத்தில் வைத்துத் தேய்த்தாள். "இன்னும் வெச்சினு கீறியா இத்த" என்றாள்.

"அக்கா, அன்னிக்கே நான் சொல்லியிருக்கணும்."

"ஆமா. சொல்லியிருக்கணும்."

போகட்டும் விடு, சின்னப் பிள்ளைதானே என்பாள் என்று எதிர்பார்த்திருக்கிறேன், வெட்கம்கெட்ட மனசு. அவள் அப்படிச் சொல்லவில்லை.

"அடி வுழுந்தப்ப நான் உங்கப்பன பாக்கல. உன் மூஞ்சியத்தான் பாத்துகினு நின்னேன். இதோ தொறக்கும், இதோ வாயத் தொறக்கும்னு."

"பயமா இருந்திச்சிக்கா."

"எனுக்கு பயம் இல்லியா? அதுக்கப்புறம் கீழ எந்த மேஸ்திரியும் என்னக் கூப்புடல. மருந்து வெக்கிறவள்னு பேரு. இங்க பேசி முடிச்ச கல்யாணமும் நின்னு போச்சி. வேற எடம் அமைய ஏழு வருசம் ஆச்சி." புளியை ஒதுக்கிவிட்டு என்னை நேராகப் பார்த்தாள். "அப்பறம் நீ ஓவர்சீராயி இங்க வூடு அளக்க வந்தியே, பைலால மூஞ்சிய மறச்சிகினு. அன்னிக்கும் பாத்துகினுதான் நின்னேன்."

பதினெட்டு வருஷமாக நான் ஒளிந்துகொண்டிருக்கிறேன் என்று நினைத்திருக்கிறேன். அவள் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள்.

அவள் எழுந்து, மகன் போட்டிருந்த கட்டுக்கம்பிச் சுருளிலிருந்து ஒரு முழம் முறித்தாள். புது வீட்டின் முன்னால் நட்டிருந்த சவுக்குக் கட்டையிடம் போனாள். பச்சையனின் கழுத்தில், பழைய தடத்தின் மேலேயே கம்பியை வைத்துச் சுற்றினாள்.

"எங்க வூட்டுக்கும் கண்ணு படும் இல்ல" என்றாள்.

அந்த ஒரு நிமிஷம் எனக்கு அவள் மேலேயே கோபம் வந்தது. அக்கா, அது பழைய வினைல், வெயிலில் வெடித்துவிடும், கழுத்து துண்டாகிவிடும், இந்தியாவில் இன்னொன்று கிடையாது. எல்லாம் நாக்கு நுனி வரை வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அன்றைக்குப் பேச வேண்டிய நேரத்தில் பேசவில்லை. இன்றைக்கு இதைப் பேச எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

"ஓவர்சீருதானே நீ. தளம் போட்டா எத்தினி நாளு வுடணும்?" என்று கம்பியை முறுக்கிக்கொண்டே கேட்டாள்.

"இருபத்தோரு நாள். தண்ணி நிக்கணும்."

"முன்னாடியே பிரிச்சா?"

"வெடிக்கும்."

கை நின்றது. "உங்க வூடு அதனாலதான் வெடிச்சிதா?"

"அதனாலதான்க்கா."

"உங்கப்பனுக்குத் தெரியுமா?"

"மேஸ்திரி சொன்னாரு. நான் பக்கத்துல நின்னு கேட்டேன்."

அக்கா கம்பியை இன்னொரு முறுக்கு முறுக்கி, நுனியை உள்பக்கம் மடக்கிவிட்டாள், யார் கையும் கிழியாதபடி. மேலே பார்த்து மகனிடம், "டேய், இருவத்தியோரு நாளு. எவன் சொன்னாலும் பிரிக்காத" என்றாள். பிறகு திரும்பிப் போய்ப் புளிக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டாள். எனக்கு ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தாள். நான் குடித்தேன். அடுத்த பஸ்ஸுக்கு நேரம் ஆகிவிட்டது என்று அவள்தான் சொன்னாள்.

பஸ் கிளம்பும்போது அந்தச் சென்னைப் பையன் போன் செய்தான். பச்சையனை யாருக்காவது கொடுத்துவிட்டேனா என்று கேட்டான். அது என்னுடையது இல்லையப்பா என்று சொல்லி வைத்துவிட்டேன். ஜன்னல் வழியாகப் பார்த்தால் கட்டை தெரிந்தது. அக்கா வீடு தெற்கே பார்த்த வீடு. பச்சையன் ரோட்டைப் பார்த்துத் தொங்கினான், இந்த முறை மேற்கு வெயில் அவன் வலது பக்கத்தில் அடித்தது. அந்தப் பக்கம்தான் இன்னும் பச்சையாக இருந்தது.